ஸ்டேஷனில் கண்ணை மூடினால் அது தூக்கமா?

ஜூன் 4, மாலை 6.10 (கேள்வி)

என் அக்கா வீட்டுக்காரர் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறார். 24 மணி நேரம் ட்யூட்டி, அப்புறம் 48 மணி நேரம் வீடு. நிலையத்தில் கட்டில் இருக்கிறது, இரவில் அழைப்பு வராவிட்டால் படுத்துத் தூங்குகிறார்கள். நேற்று ராத்திரி ஒரே ஒரு அழைப்புதான் என்று சில நாள் அவரே சொல்வார். இருந்தும் வீட்டுக்கு வந்தால் பேச்சு கிடையாது. பிள்ளைகள் சத்தம் போட்டால் எரிந்து விழுகிறார். பகலெல்லாம் படுத்தே கிடக்கிறார். கேட்டால் களைப்பு என்கிறார். வேலை நேரத்திலும் தூங்கிவிட்டு, இரண்டு நாள் ஓய்விலும் களைப்பு என்றால் எனக்கு நம்பக் கஷ்டமாக இருக்கிறது. இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது விளக்குங்கள்.

ஜூன் 4, இரவு 9.25

அது தூக்கம் இல்லை தம்பி.

நான் ஆம்புலன்ஸில் பாராமெடிக். 19 வருடம் ஆகிறது. எங்கள் வண்டியும் தீயணைப்பு வண்டிகளும் ஒரே நிலையத்தில்தான் நிற்கின்றன. என் அப்பாவும் தீயணைப்பு வீரராக இருந்து ஓய்வு பெற்றவர். உங்கள் அத்தானை நான் பார்த்ததில்லை, ஆனாலும் அவர் எப்படிப் படுப்பார் என்று சொல்லிவிடுவேன். படுப்பதற்கு முன்னால் காற்சட்டையை பூட்ஸ் மேலேயே சுருட்டி இறக்கி நிறுத்தி வைத்திருப்பார். அலாரம் அடித்தால் இரண்டு காலையும் பூட்ஸுக்குள் விட்டு இழுக்க வேண்டியதுதான், காற்சட்டையும் கூடவே ஏறிவிடும். அப்படி நிறுத்தி வைத்துவிட்டுப் படுக்கிற மனுஷனுக்கு உடம்புதான் படுத்திருக்கும். காது வேலையில் இருக்கும். கோழித்தூக்கம்.

அப்பா ஓய்வு பெற்று 11 வருடம் ஆயிற்று. இன்னமும் வீட்டில் யார் செல்போன் அடித்தாலும் அவருடைய கால்தான் முதலில் தரையில் இறங்கும். கண் அப்புறம்தான் திறக்கும்.

"ஒரே ஒரு அழைப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். அது எத்தனை மணிக்கு வந்தது என்று அடுத்த தடவை கேளுங்கள். இரவு 2.40-க்கு வந்தால், போய், வேலையை முடித்து, திரும்பி வந்து, ஹோஸைக் கழுவி, காற்று சிலிண்டர்களை மாற்றி வைத்து, தானும் குளித்துப் படுக்க ஐந்து மணி ஆகிவிடும். ஏழு மணிக்கு அடுத்த ஆட்கள் வந்துவிடுவார்கள். அழைப்பு ஒன்றுதான். ராத்திரி முழுதாகப் போயிற்று.

ஜூன் 5, காலை 8.50

இப்போதுதான் ட்யூட்டி முடிந்தது. தூங்கப் போவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1997-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு ஆய்வு செய்தார்கள். ஆட்களை ஒரு தடவை தூங்கவிடாமல் வைத்தார்கள், அதே ஆட்களுக்கு இன்னொரு தடவை அரை மணிக்கு ஒரு முறை மது கொடுத்தார்கள். இரண்டு தடவையும் கண்ணும் கையும் எவ்வளவு ஒத்துப் போகின்றன என்று கம்ப்யூட்டரில் சோதித்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவருடைய கை, ரத்தத்தில் 0.10 சதவீதம் மது இருப்பவருடைய கை மாதிரி வேலை செய்தது. அந்த அளவோடு அநேகமாக எந்த ஊரிலும் யாரையும் வண்டி ஓட்ட விடமாட்டார்கள். நாங்கள் சைரன் போட்டு ஓட்டுகிறோம்.

ஜூன் 5, மாலை 5.40

காலையில் தப்பாக எழுதிவிட்டேன். 17 மணி நேரத்துக்கு 0.05 சதவீதம். 24 மணி நேரத்துக்குத்தான் ஏறக்குறைய 0.10. பல நாடுகளில் 0.05-லேயே வண்டி ஓட்டத் தடை இருக்கிறது, அதனால் சொல்ல வந்த விஷயம் மாறவில்லை. ஆனால் எண்ணைக் குழப்பியது குழப்பியதுதான்.

அந்தப் பதிவை அழிக்கப் போவதில்லை. அனுப்புவதற்கு முன் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை, தெளிவாக இருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஏழு மணி நேரம் தூங்கி எழுந்து பார்த்தால் தப்பு பளிச்சென்று தெரிகிறது. இந்த வேலையில் எனக்கு இருக்கும் பெரிய பயமே இதுதான். களைத்துப் போனால் மூளை மெதுவாகிறது, அது பரவாயில்லை. மெதுவாகிவிட்டோம் என்பதைக் கண்டுபிடிக்கிற மூளையும் அதே மூளைதான்.

ஜூன் 8, இரவு 10.15

களைப்பில் நான் செய்த பெரிய தவறு என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தவறாக முடியவில்லை, ஆனால் ஒரு விரல்கடை தூரத்தில் தப்பியது. எழுதுகிறேன்.

எட்டு வருடத்துக்கு முன். 24 மணி நேர ஷிஃப்ட், 21-ஆவது மணி நேரம். விடியற்காலை 4.20. ஒவ்வாமை. முகமும் உதடும் வீங்கி, மூச்சு விசில் மாதிரி வருகிறது. நடுவயதுப் பெண். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்: அட்ரினலின், அரை மில்லிகிராம், தொடையின் பக்கவாட்டுத் தசையில். ஆம்ப்யூலில், அதாவது மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பியில், ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் இருக்கும். அப்படியென்றால் அரை மில்லி.

ஆம்ப்யூலின் கழுத்தை உடைத்தேன், ஊசியில் இழுத்தேன், காற்றை வெளியேற்றினேன். கை அப்படியே போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்துக்கொண்டிருந்த என் சக பாராமெடிக், "எவ்வளவு, அக்கா?" என்று கேட்டான்.

"அரை" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை, சிரிஞ்சை மட்டும் பார்த்தான். நானும் பார்த்தேன். ஒரு மில்லி முழுதாக இருந்தது. வாய் அரை என்கிறது, கையில் ஒன்று இருக்கிறது. பார்த்த பிறகும் ஒரு நொடி எனக்கு விளங்கவில்லை, அந்தக் கோடு எதைக் காட்டுகிறது என்று கண் தடவிக்கொண்டிருந்தது. அப்புறம் பாதியை வெளியே தள்ளிவிட்டு ஊசி போட்டேன். சில நிமிடத்தில் விசில் குறைந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரை விட்டு இறக்கும்போது அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நன்றி சொன்னார். சிரிஞ்ச் இருந்த அதே கை.

தசையில் இரண்டு மடங்கு போயிருந்தால் ஆள் பிழைத்திருக்கலாம், நெஞ்சு படபடத்து ரத்த அழுத்தம் எகிறியிருக்கலாம். இதயம் பலவீனமானவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க இப்போதும் பிடிக்கவில்லை. அதே மருந்தைத் தசைக்குப் பதிலாக ரத்தக்குழாயில் செலுத்துகிற சந்தர்ப்பங்களும் உண்டு, அதற்குப் பத்து மடங்கு நீர்த்த மருந்து தனியாகப் பெட்டியில் இருக்கும். பெட்டியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். நாலு மணிக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த நாளிலிருந்து எங்கள் வண்டியில் ஒரு வழக்கம். மருந்தின் பெயர், அளவு, எங்கே போடப்போகிறோம், மூன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்பவர் ஆம்ப்யூலையும் சிரிஞ்சையும் எதிராளியின் கண் முன்னால் நீட்ட வேண்டும். எதிராளி தலையாட்டினால் போதாது, திருப்பிச் சொல்ல வேண்டும். பகல் 11 மணிக்கும் இதுதான். களைப்பாக இருக்கும்போது மட்டும் செய்வோம் என்று வைத்துக்கொண்டால் ஒருநாளும் செய்யமாட்டோம், ஏனென்றால் களைப்பாக இருக்கிறோம் என்று அப்போது தெரியாது.

ஜூன் 9, காலை 7.05

"மேலிடத்தில் சொன்னீர்களா?" என்று கேட்டவருக்கு: சொன்னேன். நான் அப்போது வேலை பார்த்த இடத்தில், இனிமேல் கவனமாக இருங்கள் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எத்தனை மணி நேரமாக விழித்திருந்தாய் என்ற கேள்வி அந்தத் தாளில் இல்லை. அந்த வருடம் முழுக்க யாரும் அதைக் கேட்கவில்லை.

ஜூன் 12, மாலை 4.30

தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். அலாரம் அடித்ததும் இரண்டே நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடுமாம், அவ்வளவு சுறுசுறுப்பாக எழுபவருக்குக் களைப்பு எங்கே என்கிறார். நல்ல கேள்வி. முதல் பதிவில் இதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

தூக்கக் கலக்கம் என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அது நிஜமாகவே மூளையின் ஒரு நிலை. எழுந்த முதல் சில நிமிடங்கள்தான் மோசம். பொதுவாகக் கால் மணி, அரை மணியில் தெளியும். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, ஏற்கெனவே தூக்கம் பாக்கி இருந்தாலோ, உடல் கடிகாரம் அடிமட்டத்தில் இருக்கிற விடியற்காலையிலோ இன்னும் நீளும். கால் ஓடும், கை பெல்ட் மாட்டும். அதெல்லாம் பழக்கத்தில் நடக்கிற காரியம். புதிதாக ஒன்றை யோசித்து முடிவெடுக்கிற பகுதி கடைசியாகத்தான் எழுந்து வருகிறது. யோசித்துப் பாருங்கள், அந்தக் கால் மணி நேரத்தில் நாங்கள் என்ன செய்கிறோம்? வண்டி ஓட்டுகிறோம். விலாசம் கேட்கிறோம். எந்த வழி என்று தீர்மானிக்கிறோம். எங்கள் நிலையத்தில் ஒரு டிரைவர், கிளம்பி இரண்டு நிமிடம் கழித்து, "நாம் எங்கே போகிறோம்?" என்று என்னைக் கேட்டிருக்கிறார். விலாசத்தை வாங்கி எழுதியவரே அவர்தான். பதினைந்து வருட அனுபவம் உள்ள, நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற டிரைவர்.

இதயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்கள் பணியில் இறந்ததைப் பற்றி 2007-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. பணியில் இறந்தவர்களில் 45 சதவீதம் பேர் இதய நோயால் இறந்திருந்தார்கள். நெருப்பு இல்லை, புகை இல்லை, கூரை விழவில்லை. இதயம். தீயை அணைக்கிற நேரம் அவர்களுடைய வேலை நேரத்தில் 1 முதல் 5 சதவீதம்தான், ஆனால் அந்த இதய மரணங்களில் 32 சதவீதம் அந்தச் சின்ன நேரத்துக்குள் நடந்திருக்கின்றன. படுத்திருக்கிற இதயத்தை ஒரு மணியடித்து உச்சத்துக்கு ஓட வைத்து, கனமான உடையும் சிலிண்டரும் மாட்டி, வெக்கைக்குள் அனுப்பினால் வேறென்ன ஆகும்?

இதில் என்னை நிறுத்தி வைத்த எண் ஒன்று உண்டு. அழைப்பு முடிந்து திரும்பும் கட்டத்தில் நடந்தவை மட்டும் 17 சதவீதம். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் அப்படித்தான் போனார். தீ அணைந்துவிட்டது, எல்லோரும் பேசிக்கொண்டே ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் சுருட்டியது பாதியில் நின்றது. அப்பா அந்த ஹோஸைப் பற்றி மட்டும்தான் சொல்வார், அதற்கு மேல் சொல்ல அவரால் முடிந்ததில்லை.

ஜூன் 12, இரவு 8.00

ஒரு சின்ன சேர்க்கை. எல்லா நிலையத்திலும் அலாரம் அலறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சில இடங்களில் சத்தம் மெல்லத் தொடங்கி ஏறும்படியும், கண் கூசாத சிவப்பு விளக்கு எரியும்படியும் மாற்றியிருக்கிறார்கள். எந்த வண்டிக்கு அழைப்போ அந்த ஆட்களின் அறையில் மட்டும் ஒலிக்கும்படி பிரித்தும் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கடைசி ஏற்பாடுதான் பெரிதாகப் படுகிறது. எங்கள் நிலையத்தில் ஆம்புலன்ஸுக்கு அழைப்பு வந்தால் தீயணைப்பு ஆட்கள் அத்தனை பேரும் முழிக்கிறார்கள். "ஒரே ஒரு அழைப்பு" என்று உங்கள் அத்தான் சொன்ன ராத்திரியில், அவருக்கு வராத எத்தனை அழைப்பு அவரை எழுப்பியதோ.

ஜூன் 13, காலை 11.20

லாரி ஓட்டும் ஒரு அண்ணன் எழுதியதைப் படித்தேன். அவருக்குச் சட்டமே மணிக்கணக்கைக் கட்டிப் போட்டிருக்கிறது என்கிறார். உண்மைதான். அமெரிக்காவில் சரக்கு லாரி டிரைவர் தொடர்ந்து பத்து மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு 11 மணி நேரம்தான் ஓட்டலாம். ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும், வண்டியில் உள்ள கருவி அதைப் பதிவு செய்யும். விமானிகளுக்கும் கணக்கு உண்டு. சரக்கு ஏற்றிப் போகிறவருக்கு இருக்கிற வரம்பு, உயிரை ஏற்றிக்கொண்டு சிவப்பு விளக்கைத் தாண்டிப் போகிறவருக்குப் பல இடங்களில் இல்லை. 23-ஆவது மணி நேரத்தில் என்னோடு வருகிற டிரைவர் லாரி ஓட்டப் போயிருந்தால் எப்போதோ கீழே இறக்கிவிட்டிருப்பார்கள்.

ஜூன் 14, இரவு 9.50

காபி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். குடித்து 20, 30 நிமிடம் கழித்துத்தான் வேலை செய்யும். அதில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம், ஆளுக்கு ஆள் மாறும். ஐந்து மணிக்குக் குடித்த காபி ஒன்பது மணிக்கு வீட்டில் படுக்கும்போது இன்னும் பாதிக்கு மேல் உள்ளே இருக்கும். நான் ராத்திரி இரண்டு மணிக்கு மேல் தொடுவதில்லை. குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் கண்ணை மூடுவது உதவுகிறது, எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். 1994-ல் வெளியான ஆய்வு ஒன்றில் நாசா நீண்டதூர விமானிகளுக்கு 40 நிமிடம் இருக்கையிலேயே ஓய்வு கொடுத்துப் பார்த்தது. சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள், அப்புறம் விழிப்பு நன்றாகத் தேறியது. அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் சேவைகளுக்காக 2018-ல் வந்த வழிகாட்டுதலும் ட்யூட்டியில் கண்ணயர வாய்ப்புக் கொடுங்கள் என்கிறது. ஷிஃப்ட் 24 மணி நேரத்துக்குக் குறைவாக இருக்கட்டும் என்றும் சொல்கிறது. பட்டப்பகலில் ஆம்புலன்ஸ் ஆட்கள் வண்டியில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தால் போட்டோ எடுத்துப் போடாதீர்கள். அடுத்த அழைப்பு உங்கள் வீட்டிலிருந்து வந்தால் அந்த 20 நிமிடம் உங்களுக்குத்தான் பயன்படும்.

ஜூன் 19, மாலை 6.45

24 மணி நேர ஷிஃப்டை ஒழிக்க வேண்டும் என்று போன வாரம் வேறொரு பதிலில் எழுதியிருந்தேன். எங்கள் நிலையத்தில் அதைப் படித்துவிட்டு, தீயணைப்பு ஆட்களில் மூத்தவர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் பேசினோம். அவர் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன்.

அவர் கணக்கு இப்படி. 24 மணி வேலை, 48 மணி ஓய்வு என்றால் சராசரியாக வாரத்துக்கு 56 மணி நேரம். மாதத்தில் பத்துத் தடவைதான் நிலையத்துக்கு வரவேண்டும். ஒருவர் பத்துத் தடவைதான் பொறுப்பைக் கைமாற்றுவார், அப்போது விட்டுப்போகிற விஷயமும் குறைவு. 12 மணி நேர ஷிஃப்டாக உடைத்தால் அதே நேரத்துக்கு இருபது தடவை வரவேண்டும், இருபது தடவை போகவேண்டும். வீடு தூரமாக இருப்பவருக்கு அந்த நேரம் தூக்கத்திலிருந்துதான் போகும். நாலு இரவு தொடர்ந்து 12 மணி நேரம் பார்த்தால் ஒரு 24 மணி நேரத்தை விட உடம்பு கெடும் என்றார். இது எனக்கும் நடந்திருக்கிறது, மூன்றாவது இரவில் நான் நானாக இருப்பதில்லை.

அப்புறம் அவர் சொன்னது: "எந்த நிலையம் என்பதைப் பார்க்காமல் மணிக்கணக்கை மட்டும் பார்க்காதேம்மா." அமைதியான நிலையத்தில் 24 மணி நேரம் தாங்கும். ராத்திரி எட்டு அழைப்பு வருகிற நிலையத்தில் 24 என்பது கொடுமை. தீயணைப்பு ஆட்களுக்கு இன்னமும் சில ராத்திரி அமைதியாகப் போகும், ஆம்புலன்ஸுக்கு அப்படி ஒரு ராத்திரி அபூர்வம். அதனால் என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன்: அழைப்பு நிறைய வருகிற ஆம்புலன்ஸில் 24 மணி நேர ஷிஃப்ட் கூடவே கூடாது. தீயணைப்பில் நிலையத்தைப் பார்த்துத் தீர்மானிக்கட்டும். பிரிட்டனில் பல நிலையங்களில் ரொம்ப காலமாக இரண்டு பகல், இரண்டு இரவு, நாலு நாள் ஓய்வு என்று வாரத்துக்கு 42 மணி நேரக் கணக்கில் ஓடுகிறது. சிவப்பு, வெள்ளை, பச்சை, நீலம் என்று நாலு குழு. 24 மணி நேரமே வேண்டும் என்றாலும் அதற்குப் பின் 72 மணி நேரம் விட்டால் அதே 42 வரும். அதற்கு நாலாவது ஒரு குழு வேண்டும். பிரச்சினை அங்கேதான் வந்து நிற்கிறது: ஆள் எடுக்க வேண்டும்.

அவர் ஒப்புக்கொள்ளாத ஒன்று, நான் விடாத ஒன்று: மற்றவர் வராவிட்டால் அப்படியே அடுத்த ஷிஃப்டும் பார்ப்பது. 24 முடிந்து இன்னொரு 12. "ஆள் இல்லாவிட்டால் யார் போவது?" என்கிறார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல்தான் நானும் பல தடவை தங்கியிருக்கிறேன். 30-ஆவது மணி நேரத்தில் ஒரு குழந்தைக்கு மருந்து கணக்குப் போட்டிருக்கிறேன். அந்தப் பெற்றோரிடம் கேட்டிருந்தால் என்னைத் தொட விட்டிருப்பார்களா?

ஜூன் 20, காலை 7.30

"நிலையத்தில் சும்மா இருக்கும் நேரத்துக்கும் வேலை நேரக் கணக்கா?" என்று ஒருவர். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்தில் இது தீர்ந்த விஷயம். ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு டாக்டரின் வழக்கில், ஆஸ்பத்திரியிலேயே தங்கி அழைப்புக்குக் காத்திருக்கும் நேரம், அவர் தூங்கினாலும், வேலை நேரம்தான் என்று 2003-ல் தீர்ப்பு வந்தது. 2018-ல் பெல்ஜியம் தீயணைப்பு வீரர் ஒருவரின் வழக்கு. அவர் காத்திருந்தது தன் சொந்த வீட்டில். ஆனால் அழைத்தால் 8 நிமிடத்துக்குள் நிலையத்தில் இருக்க வேண்டும். அதையும் வேலை நேரம் என்றது நீதிமன்றம். எட்டு நிமிடக் கயிற்றில் கட்டியிருக்கும் ஆளால் குளிக்கக்கூட நிம்மதியாகப் போகமுடியாது.

ஜூன் 27, மாலை 3.15

ஒரு வாரம் எழுதவில்லை. ஒரு சம்பவம், அதனால்தான்.

எங்கள் ஆள் ஒருவர், ட்யூட்டி முடிந்து பைக்கில் வீட்டுக்குப் போகும் வழியில் சாலை நடுவிலுள்ள தடுப்பில் மோதிவிட்டார். தோள்பட்டை எலும்பு முறிவு, உயிருக்கு ஒன்றுமில்லை. அவரைத் தூக்கி வரப் போனது அவரிடமிருந்து அரை மணி முன்னால் பொறுப்பு வாங்கிக்கொண்ட அதே குழு. பிரேக் பிடித்த தடம் சாலையில் இல்லை என்றார்கள். அவருக்கு மோதியது நினைவில்லை. தூங்கினதும் நினைவில்லை.

இந்த இழையில் இத்தனை எழுதியும் வீட்டுக்குப் போகும் வழியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே என்று அன்றைக்கு முழுக்க உறுத்தியது. ஆஸ்பத்திரியில் நீண்ட ஷிஃப்ட் பார்க்கும் இளம் டாக்டர்களை வைத்து 2005-ல் அமெரிக்காவில் வந்த ஆய்வில், 24 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. வேலையில் இருக்கும்போது அலாரமும் பதற்றமும் நம்மை இழுத்துப் பிடிக்கின்றன. வீட்டுக்குப் போகும் சாலையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் நாலு நொடி கண்ணயர்ந்தால் வண்டி ஏறக்குறைய 67 மீட்டர் தானாகப் போகும்.

எனக்கும் ஒரு தடவை ஆயிற்று. பாலம் ஏறியது தெரியும். பாலம் இறங்கி சிக்னலில் நிற்கிறேன். நடுவில் பாலம் இல்லை. பயம் அப்போது வரவில்லை, வீட்டில் போய் செருப்பைக் கழற்றும்போது கை நடுங்கியது.

ஜன்னலைத் திறந்துவிடுவது, பாட்டு வைப்பது, கன்னத்தில் தட்டிக்கொள்வது, இதையெல்லாம் நம்பாதீர்கள். சில நிமிடம் தாங்கும், அவ்வளவுதான். நிலையத்திலேயே அரை மணி படுத்துவிட்டுக் கிளம்புங்கள், எழுந்ததும் கால் மணி நேரம் நடமாடிவிட்டு. அல்லது வேறு யாராவது ஓட்டட்டும். எங்களிடம் இப்போது ஒரு ஏற்பாடு: வெளியே போகிறவரைப் பார்த்து உள்ளே வருகிறவர், "எப்படிப் போகிறாய்?" என்று கேட்க வேண்டும். நன்றாகத் தூங்கிவிட்டு வந்திருக்கும் ஆளுக்குத்தான் எதிரே நிற்பவரின் கண் எப்படி இருக்கிறது என்று தெரியும். அவர் சாவியைக் கொடு என்றால் கொடுத்துவிட வேண்டும், வாதாடக்கூடாது. முதல் வாரத்திலேயே இரண்டு சாவி வாங்கியாயிற்று. ஒன்று என்னுடையது.

ஜூலை 2, இரவு 8.40

தம்பி, நீங்கள் நேற்று எழுதியதைப் படித்து மனது லேசாயிற்று. அத்தானை ட்யூட்டி முடிந்ததும் நீங்களே வண்டியில் அழைத்து வருகிறேன் என்று போனீர்களே, வழியிலேயே அவர் வாயைத் திறந்து தூங்கிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்களே. இரண்டு நிமிடத்துக்குள் தூங்கினார் என்பதைக் கவனித்தீர்களா? போதுமான தூக்கம் உள்ளவர் காலை எட்டு மணி வெயிலில், ஆடுகிற காரில், அப்படித் தூங்கமாட்டார்.

அவர் எரிந்து விழுவதைப் பற்றி. கனவுத் தூக்கம் விடியலை நெருங்க நெருங்கத்தான் அதிகமாக வரும். மூன்று மணி அழைப்பு வெட்டிப் போடுவது பெரும்பாலும் அதைத்தான். மனசு சமன்படுவதில் அதற்குப் பங்கு உண்டு. பகலில் படுத்து ஈடுகட்டலாம் என்றால், உடல் கடிகாரம் பகலில் தூங்க விடாது, நாலைந்து மணி நேரத்தில் எழுப்பிவிடும். அதனால் முதல் ஓய்வு நாள் ஓய்வாக இருக்காது, கடன் அடைக்கிற நாள். உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள்: வீட்டில் பேச வேண்டிய பெரிய விஷயம் எதையும் அந்த முதல் நாளில் எடுக்க வேண்டாம். இரண்டாம் நாள் சாயங்காலம் எடுக்கட்டும். என் அம்மா அப்படித்தான் செய்வார். பள்ளிக்கூட மார்க் கார்டை நான் எந்த நாள் அப்பாவிடம் காட்ட வேண்டும் என்பதே அம்மாவின் கணக்கில்தான் இருந்தது. அக்கா படுகிற கஷ்டமும் நிஜம், அதை இந்த விளக்கம் ஒன்றும் இல்லாமல் ஆக்கிவிடாது. பிள்ளைகளிடம் கத்தியதற்கு அவர் தூங்கி எழுந்து மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும்.

இன்னொன்று எழுதியிருந்தீர்கள், போகிற போக்கில். காரில் குறட்டை விட்டார், நடுவில் மூச்சு நின்ற மாதிரி இருந்து திணறி மறுபடி இழுத்தார் என்று. அதை விடாதீர்கள். அமெரிக்காவில் ஏறக்குறைய 7,000 தீயணைப்பு வீரர்களைச் சோதித்து 2015-ல் வந்த ஆய்வில் 37 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு தூக்கக் கோளாறு இருக்கலாம் என்று தெரிந்தது, அதில் பெரும்பங்கு தூக்கத்தில் மூச்சு தடைப்படுவது. பெரும்பாலானவர்களுக்கு அதுவரை யாரும் சொன்னதே இல்லை. ஷிஃப்டால் வருகிற களைப்பு வேறு, இது வேறு, இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்துகொள்ளும். ஷிஃப்ட்தான் காரணம் என்று நானே இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்தேன். பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். குறட்டை விடுகிறவருக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

ஜூலை 3, காலை 6.20

இரவு ஷிஃப்டும் புற்றுநோயும் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இரவு வேலையை அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற பிரிவில் 2007-ல் வைத்தது, 2019-ல் மறுபடி உறுதி செய்தது. தீயணைப்பு வேலையை 2022-ல், உண்டாக்கும் என்று சான்றுள்ள முதல் பிரிவுக்கே ஏற்றிவிட்டது. அதற்குத் தூக்கம் மட்டும் காரணம் இல்லை, புகையும் கரியும் உடையில் ஒட்டும் மற்றதும் உண்டு. உடையை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். இது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

ஜூலை 21, மாலை 7.10

அத்தானுக்குப் பரிசோதனை முடிந்தது, மூச்சு தடைப்படுவது உறுதியானது, இரவில் முகமூடி மாட்டும் மெஷின் கொடுத்திருக்கிறார்கள் என்று தம்பி எழுதியிருக்கிறார். அவருடைய புதுக் கேள்வி: வீட்டில் மாட்டிக்கொள்கிறாராம், நிலையத்துக்கு எடுத்துப் போக மறுக்கிறாராம். மற்றவர்கள் முன்னால் கூச்சம், அலாரம் அடித்தால் குழாயில் சிக்கிக்கொள்வோம் என்ற பயம்.

எங்கள் நிலையத்தில் இரண்டு பேர் கொண்டுவருகிறார்கள். கூச்சம் ஒரு வாரத்தில் போய்விடும், குறட்டை நின்றதற்குப் பக்கத்துக் கட்டில்காரர் கையெடுத்துக் கும்பிடுவார். குழாயைத் தலைக்கு மேலாக, கட்டிலின் தலைமாட்டு வழியாக விடச் சொல்லுங்கள், கால் இறங்கும் பக்கம் தரையில் ஒன்றும் கிடக்கக்கூடாது. முகமூடியின் பின்பட்டியை ஒரே கையால் முன்னுக்குத் தள்ளினால் மொத்தமாகக் கழன்று வரவேண்டும், கொக்கியைத் தேடக்கூடாது. வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு அக்காவைக் கைதட்டச் சொல்லிப் பழகட்டும். முகமூடி, பூட்ஸ், காற்சட்டை, அந்த வரிசையில். நாலைந்து தடவை போதும், கை கற்றுக்கொள்ளும்.